சார்ல்ஸ்டன் பிரதிநிதி மெண்டல் ரிவர்ஸ்

சட்டசபைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஜனங்கள் அவரிடம் முதலாவதாக எதிர்பார்ப்பது எது? சாலை, பாலம், ஆஸ்பத்திரி, வாலிபர்களுக்கு உத்தியோகம். பொக்கிஷத்தில் நம் ஊருக்குள்ள பங்கை வாங்கி வராதவர் என்ன பிரதிநிதி என்பது எத்தேசத்து ஜனங்களுக்கும் இயல்பான எண்ணமே. அதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஊருக்காகக் கேட்பதும் தேசத்தின் படைக்காகக் கேட்பதும் ஒருவர் வாயில் ஒரே கோரிக்கையாய்க் கலந்து வருமானால், பொக்கிஷத்தைக் காவல் காக்கவேண்டிய சபையின் கதி என்ன ஆகிறது என்பது ஆராயத் தக்க விஷயம். அதற்கு, அமெரிக்கக் காங்கிரஸில் முப்பது வருஷம் மெம்பராயிருந்து 1970-ம் வருஷக் கடைசியில் காலமான மெண்டல் ரிவர்ஸின் ஜீவியத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

லூஷியஸ் மெண்டல் ரிவர்ஸ், தெற்குக் கரோலினா ராஜ்யத்தைச் சேர்ந்த பெர்க்லி ஜில்லாவில், கம்வில் என்னும் குக்கிராமத்தில், 1905-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி பிறந்தார். சிறு பிராயத்திலேயே தகப்பனாரை இழந்தார். குடும்பம் கிராமத்தை விட்டு வடக்கு சார்ல்ஸ்டனுக்குக் குடிபோயிற்று. பையன் சில்லறை வேலைகள் செய்துகொண்டே படித்தான். சார்ல்ஸ்டன் கலாசாலையிலும், பின்னர் தெற்குக் கரோலினா சர்வகலாசாலையின் சட்டக் கலாசாலையிலும் வாசித்து, பட்டம் பெறாமலே 1932-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அக்காலத்தில் அது கூடும்.

அவர் வளர்ந்த ஊரைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்லவேண்டும். ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகள் கடலோடு கலக்கும் முனையில் அமைந்த துறைமுகப் பட்டணம் சார்ல்ஸ்டன். அடிமைகளின் உழைப்பால் விளைந்த நெல்லும் பருத்தியும் அதைச் செல்வ நகரமாக்கின. 1861-ல் உள்நாட்டு யுத்தத்தின் முதல் பீரங்கி முழங்கியது அதன் துறைமுகத்திலுள்ள ஸம்டர் கோட்டையின் மேல்தான். யுத்தத்தில் தென்னாட்டார் தோற்றார்கள். அடிமை முறை ஒழிந்தது. நெல் வயல்கள் நாளடைவில் பாழாயின. பெரிய மாளிகைகளும் பழைய குடும்பப் பெயர்களும் நின்றன, பணம் போய்விட்டது. இந்த நிலையில் 1901-ம் வருஷத்தில் ஸெனேட்டர் பெஞ்சமின் டில்மன் என்பவர் கப்பற்படையின் தொழிற்சாலையைப் போர்ட் ராயல் என்ற இடத்திலிருந்து பெயர்த்து, சார்ல்ஸ்டனில் கூப்பர் ஆற்றங்கரைக்குக் கொண்டுவரச் செய்தார். டில்மன் கறுப்பின ஜனங்களின் வாக்குரிமையைப் பறிப்பதையே தமது கீர்த்தியாகக் கொண்டிருந்தவர். கப்பல் கட்டும் துறையும் வாக்குப் பறிப்பும் ஒரே கரத்தினின்று வந்தவை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்.

தகப்பனில்லாத ஏழைப் பையன் அந்தத் தொழிற்சாலையின் சுற்றுப்புறத்திலேயே வளர்ந்தான். மாதச் சம்பளம் தவறாமல் வரும் வீடு எது, வராத வீடு எது என்பதை அவன் பொருளாதாரப் புஸ்தகம் படித்து அறிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1933-ல் ரிவர்ஸ் தமது ராஜ்யத்தின் சட்டசபை மெம்பரானார். 1936 முதல் 1940 வரை ஐக்கிய சர்க்காரின் நீதி இலாகாவில் வக்கீலாக உத்தியோகம் பார்த்தார். 1938-ல் சார்ல்ஸ்டனின் பழைய குடும்பமொன்றைச் சேர்ந்த மார்கரெட் மிடில்டனை மணந்தார். 1940-ல் காங்கிரஸ் ஸ்தானத்துக்கு நின்றபோது, பட்டணத்துப் பெரிய மனுஷர்கள் வேறொருவரை ஆதரித்தார்கள். சுற்று ஜில்லாக்களின் கிராமத்து வாக்குகள் ரிவர்ஸைக் கரை சேர்த்தன. 1941-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், 35-வது வயதில், அவர் பிரதிநிதி சபையில் அமர்ந்தார். கப்பற்படைக் கமிட்டியில் இடம் கிடைத்தது. அதன் தலைவர் ஜார்ஜியா ராஜ்யத்தைச் சேர்ந்த கார்ல் வின்ஸன். 1931 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். கப்பற்படை விஷயத்தில் மந்திரிகளுக்குப் பாடம் சொல்லத் தக்கவர். அவரிடம் ரிவர்ஸ் இருபத்து நான்கு வருஷம் சிஷ்யராயிருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த வருஷக் கடைசியில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. 1943-ல் சார்ல்ஸ்டன் கப்பல் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 26,000. பட்டணம் தன் வரலாற்றில் அத்தனை கூலியை ஒருசேரக் கண்டதில்லை. யுத்தம் முடிந்ததும் பயம் வந்தது. கப்பல்களைக் கட்டுவது நின்றது, ஆட்களைக் குறைத்தார்கள், தொழிற்சாலையையே மூடிவிடுவார்களோ என்று ஊரார் நடுங்கினார்கள். சமாதானம் வந்தால் ஊர் நடுங்கும் நிலை நல்ல நிலையல்ல. ஆயினும் அந்த நிலையிலிருந்தே ரிவர்ஸின் ராஜதந்திரம் முழுதும் பிறந்தது.

சைனிய விஷயத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவர் அவர் என்று எண்ணுவதும் தவறு. செயற்கை வெண்ணெயான மார்கரின் மீது ஐக்கிய சர்க்கார் நெடுங்காலமாக வரி விதித்து வந்தது. வடநாட்டுப் பால் பண்ணைக்காரர்களின் நலனுக்கான வரி அது. மார்கரினுக்குப் பருத்திக்கொட்டை எண்ணெய் வேண்டும். பருத்தி தென்னாட்டுப் பயிர். 1948-ல் அவ்வரியை ரத்து செய்யும் மசோதாவை முன்னின்று நடத்தியவர்களில் ரிவர்ஸ் முக்கியமானவர். 1950-ல் வரி ஒழிந்தது. தொகுதியின் பையைத் தொடும் விஷயம் எதுவாயினும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதற்கு இது சான்று.

இனி, படைக்குப் பணம் எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்கக் காங்கிரஸில் அதற்கு இரண்டு படிகள் உண்டு. இன்ன கப்பல் கட்டலாம், இன்ன இடத்தில் இன்ன கட்டடம் எழுப்பலாம் என்று அனுமதி கொடுப்பது ஒரு கமிட்டி. அனுமதித்ததற்குப் பணம் ஒதுக்குவது மற்றொரு கமிட்டி. 1947-ல் கப்பற்படைக் கமிட்டியையும் தரைப்படைக் கமிட்டியையும் ஒன்றாக்கிய ராணுவக் கமிட்டி முதல் வகையைச் சேர்ந்தது. 1959-ல் செய்த சட்டத்தினால் விமானம், ஏவுகணை, யுத்தக் கப்பல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வருஷந்தோறும் அக்கமிட்டியின் அனுமதி தேவையாயிற்று. ராணுவக் கட்டட மசோதாவிலோ ஒவ்வொரு முகாமின் பெயரும் அதற்கு நேராகத் தொகையும் வரி வரியாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு முகாமில் படைவீரர் குடியிருப்பு வேண்டுமென்று அதன் தளபதி எழுதுகிறார். அது மேலதிகாரிகளைத் தாண்டி, ராணுவ மந்திரியைத் தாண்டி, பட்ஜெட்டில் ஏறி, கமிட்டியின் மேஜைக்கு வருகிறது. கமிட்டி அதைக் குறைக்கலாம், நீக்கலாம், கேட்காததையும் சேர்க்கலாம். கப்பற்படையின் ஆஸ்பத்திரியைச் சார்ல்ஸ்டனில்தான் கட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷ மசோதா யார் தலைமையில் விசாரணைக்கு வரும் என்பதை அட்மிரல்கள் அறிவார்கள். வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கிடைக்கும் வரம் இது.

அந்தத் தலைமை ரிவர்ஸுக்கு எப்படி வந்தது? 1965-ல் வின்ஸன் ஐம்பது வருஷ சேவைக்குப்பின் ஓய்வு பெற்றார். கமிட்டியில் அவருக்கு அடுத்த மூப்புடையவர் ரிவர்ஸ். ஆகவே நாற்காலி அவருடையதாயிற்று. வேறு தகுதி பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. மூப்போ, தேர்தல்தோறும் தோல்வியின்றி ஜயிப்பவருக்குத்தான் சேரும். தென்னாட்டில் டெமாக்ரடிக் கட்சியைத் தவிர வேறு கட்சி தலைதூக்க முடியாதிருந்தது. அக்கட்சியின் உள்தேர்தலில் கறுப்பின ஜனங்கள் வாக்களிக்க முடியாதிருந்தது. தென்னாட்டுப் பிரதிநிதிகள் சபையிலே நரைத்து மூத்ததன் ரகசியம் இதுவே. அதே காலத்தில் ஸெனேட்டின் ராணுவக் கமிட்டிக்கு ஜார்ஜியாவின் ரஸ்ஸலும், அவருக்குப்பின் மிஸிஸிப்பியின் ஸ்டென்னிஸும் தலைவர்களாயிருந்தது தற்செயலல்ல. வாக்கில்லாத ஏழைகள் பலர் மௌனமாய் நின்றதனால் சேர்ந்த பலமே சார்ல்ஸ்டனுக்குக் கப்பல்களையும் விமானங்களையும் கொண்டுவந்து குவித்தது.

அந்த மௌனத்தைக் கலைக்க முயன்றவர் சார்ல்ஸ்டன் பட்டணத்திலேயே பிறந்த நீதிபதி வேட்டிஸ் வாரிங். கட்சி உள்தேர்தலில் கறுப்பினத்தாரைத் தடுக்கலாகாது என்று 1947-ல் அவர் தீர்ப்புச் செய்தார். ஊரார் அவரைத் தள்ளிவைத்தார்கள். காங்கிரஸில் எழுந்து அவரைக் கண்டித்து, பதவியிலிருந்து விலக்கவேண்டுமென்று வாதித்தவர் ரிவர்ஸ். 1952-ல் வாரிங் ஓய்வு பெற்று, பிறந்த ஊரைத் துறந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1956-ல், பள்ளிக்கூடங்களில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துவைப்பது செல்லாதென்ற தீர்ப்பை எதிர்த்துத் தென்னாட்டு மெம்பர்கள் வெளியிட்ட அறிக்கையில் ரிவர்ஸ் கையெழுத்திட்டார். 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டத்துக்கும் விரோதமாகவே வாக்களித்தார். சட்டம் கற்ற ஒருவர் நீதி ஸ்தலத்தின் தீர்ப்பை இப்படி நடத்தியதை நாம் லேசாகக் கருத முடியவில்லை.

அவர் காலத்தில் முதலாவது தொகுதியில் என்னென்ன இருந்தன என்று கணக்கெடுப்போம். கப்பல் தொழிற்சாலை, கப்பற்படைத் தளம், ஆயுதக் கிடங்கு, ஆஸ்பத்திரி, விமானப்படைத் தளம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குரிய பொலாரிஸ் ஏவுகணைகளைச் சேர்த்துப் பூட்டும் நிலையம், பாரிஸ் தீவில் மரீன் படைக்குப் புதிதாய்ச் சேர்பவர்களைப் பழக்கும் முகாம், பியூபோர்ட்டில் மரீன் விமான நிலையம். இவற்றில் சில ரிவர்ஸுக்கு முன்பே ஏற்பட்டவை. பாரிஸ் தீவு முகாம் 1915 முதல் இருப்பது. ஆயினும் இருந்ததை மூடவிடாமல் காத்ததும் பெருக்கியதும் அவர் வேலை. பொலாரிஸ் ஏவுகணைகளைத் தாங்கிய முதல் நீர்மூழ்கியான ஜார்ஜ் வாஷிங்டன் தன் முதல் காவல் யாத்திரைக்குப் புறப்பட்டது, 1960-ம் வருஷம் நவம்பரில், சார்ல்ஸ்டனிலிருந்துதான். படைத் தளங்களைத் தொடர்ந்து லாக்ஹீட் போன்ற தளவாடக் கம்பெனிகளும் அங்கே கிளை வைத்தன. இன்னும் ஒரு பாரம் ஏற்றினால் அந்த ஜில்லாவே கடலில் அமிழ்ந்துவிடும் என்று காங்கிரஸில் ஒரு பரிகாசம் உலவிற்று. ரிவர்ஸ் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. தாம் சொன்னதைக் கொண்டுவந்து சேர்ப்பவர் என்று எதுகை வைத்த சொற்களையே தேர்தல் விளம்பரமாக்கிக்கொண்டார். 

ஆள் நல்ல உயரம். வெள்ளி போன்ற நீண்ட கேசம். பழைய காலத்து ஸெனேட்டர் கல்ஹூனின் சித்திரம் உயிர்பெற்று வந்தது போன்ற தோற்றம். பேச்சில் தென்னாட்டு மரியாதையும் சீறலும் மாறி மாறி வரும். குடிப்பழக்கமிருந்தது; அதைப் பற்றிப் பத்திரிகைகள் பகிரங்கமாகவே எழுதின. தொகுதி அதைப் பொருட்படுத்தவில்லை. பல தேர்தல்களில் அவரை எதிர்த்து நிற்கவே ஆளில்லை.

கமிட்டித் தலைவரான பிறகு அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, விசாரணை மண்டபத்தில் தமது ஆசனத்துக்கு முன்னே ஒரு பலகையை வைத்தது. சைனியத்தைத் திரட்டிப் போஷிப்பதும், கப்பற்படையை ஏற்படுத்தி நடத்துவதும், அவற்றுக்கு விதிகள் செய்வதும் காங்கிரஸின் அதிகாரம் என்று கூறும் அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்தை அதில் பொறித்திருந்தார். சாட்சி சொல்ல வரும் மந்திரிகளும் ஜெனரல்களும் அதைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். இதில் வேடிக்கை மட்டுமில்லை, விஷயமும் உண்டு. பிரிட்டிஷ் பார்லிமெண்டு முதல் எல்லாச் சபைகளும் அரசனுடைய வாளைத் தடுத்தது பணப்பையின் கயிற்றைப் பிடித்துத்தான். ஜனாதிபதியும் அவர் மந்திரியும் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் சபை சபையே அல்ல. அந்த அளவில் ரிவர்ஸின் பலகையை நாம் மெச்சவே வேண்டும்.

அப்போது ராணுவ மந்திரியாயிருந்தவர் ராபர்ட் மக்னமாரா. போர்டு மோட்டார் கம்பெனியின் தலைமையிலிருந்து வந்தவர்; எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர். செலவு மிகுந்த முகாம்களை மூடிவிட அவர் ஜாபிதா தயாரித்தார். முகாம்களை மூடுவதானால் காங்கிரஸ் கூடியிருக்கும் காலத்தில் 120 நாள் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனையை 1965-ம் வருஷக் கட்டட மசோதாவில் ரிவர்ஸ் நுழைத்தார். நிர்வாகத்தின் அதிகாரத்தில் இது தலையீடு என்று ஜனாதிபதி ஜான்ஸன் ஆகஸ்டு மாதத்தில் மசோதாவை நிராகரித்துத் திருப்பியனுப்பினார். பின்னர் கெடுவைக் குறைத்து மசோதா நிறைவேறிற்று.

சட்டத்தில் பழக்கமுள்ளவர்களுக்கு இதைவிட ருசிகரமான வழக்கு மற்றொன்றுண்டு. 1962-ல் வின்ஸன் தமது கமிட்டியின் மசோதாவில், ஒரு புதுவகைக் குண்டு விமானத்துக்காக 49 கோடி 10 லட்சம் டாலரை விமானப்படை மந்திரி செலவிட்டே தீரவேண்டும் என்று கட்டளையாக எழுதினார். செலவிடலாம் என்பது அனுமதி; செலவிடவேண்டும் என்பது கட்டளை. காங்கிரஸ் நிர்வாகத்துக்குக் கட்டளையிட முடியுமா? ஜனாதிபதி கென்னடி கிழவரைத் தமது மாளிகைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் உலாவிப் பேசி, அந்தச் சொல்லை மாற்றச் செய்துவிட்டார். சிஷ்யர் குருவைவிடப் பிடிவாதக்காரர். அணுசக்தியால் ஓடும் யுத்தக் கப்பல்கள் வேண்டாமென்று மக்னமாரா மறுத்தபோது, தேசநலனுக்கு ஒவ்வாதென்று ஜனாதிபதியே விளக்கமாகத் தெரிவித்தாலொழிய அவற்றைக் கட்டும் வேலை நடந்தே தீரவேண்டும் என்று 1966-ம் வருஷச் சட்டத்தில் ரிவர்ஸ் எழுதிவைத்தார். கடைசியில் கப்பல்கள் கட்டப்பட்டன. அவ்வகுப்பில் இரண்டே கப்பல்கள். ஒன்றன் பெயர் கலிபோர்னியா, மற்றதன் பெயர் தெற்குக் கரோலினா.

இவ்விரண்டு வழக்குகளிலும் ஒரு பொது அம்சம் இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அரசியல் சட்டம் சபைக்குக் கொடுத்த ஆயுதம் நிர்வாகத்தைத் தடுப்பதற்கானது. ரிவர்ஸ் அதை வீரத்தோடு எடுத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும், நிர்வாகம் கேட்டதற்குமேல் அதிகம் கொடுப்பதற்காகவே எடுத்தார். இந்த யுத்தம் எதற்கு, இந்தக் கப்பல் எதற்கு, இந்த விமானத்தின் விலை ஏன் ஏறிற்று என்று கேட்பதற்கு அந்தப் பலகை ஒருநாளும் பயன்படவில்லை.

சாதாரண சிப்பாயின் விஷயத்தில் அவர் செய்ததை மறைப்பது நியாயமல்ல. 1965-ல் சர்க்கார் சிப்பாய்களுக்குச் சொற்பமான சம்பள உயர்வைச் சிபாரிசு செய்தபோது, ரிவர்ஸ் அதை ஏறக்குறைய இரு மடங்காக்கி நிறைவேற்றினார். 1967-ல் அவர் பெயராலேயே வழங்கும் திருத்தம் ஒன்று சட்டமாயிற்று. சிவில் உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் உயரும்போதெல்லாம் படைவீரருக்கும் தானாகவே உயரவேண்டும் என்பது அதன் சாரம். அதற்குமுன் சிப்பாய் பல வருஷம் காத்துக்கிடப்பான், கேட்க நாதியிருக்காது. வறுமையில் வளர்ந்தவர் வறியவனுக்குச் செய்த நன்மை இது. வடக்கு சார்ல்ஸ்டன் பையன் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்கு அடையாளமாக இதைக் கொள்கிறோம்.

எனினும் உடுப்பு அணியாத வறியவர்களும் அதே தொகுதியில் இருந்தார்கள். கோடிக்கணக்கில் பணம் வந்திறங்கிய பாரிஸ் தீவு இருப்பது பியூபோர்ட் ஜில்லாவில். அதே ஜில்லாவின் கறுப்பினக் குடிசைகளில் குழந்தைகள் போதிய ஆகாரமின்றிக் குடற்புழுக்களால் வாடுவதை 1967 முதல் ஒரு வைத்தியர் வெளிப்படுத்தி வந்தார். ஸெனேட்டர் ஹாலிங்ஸ் நேரில் குடிசை குடிசையாய்ச் சென்று பார்த்துவிட்டு, தமது ராஜ்யத்தில் பட்டினி உண்டென்பதை 1969 பிப்ரவரியில் ஸெனேட் கமிட்டி முன் ஒப்புக்கொண்டார். முன்பு கவர்னராயிருந்தபோது தாமும் அதை மூடி மறைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் நேர்மை அவரிடமிருந்தது. அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் சார்ல்ஸ்டன் வைத்தியக் கலாசாலை ஆஸ்பத்திரியில் கறுப்பின ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள், நானூறு பேருக்குமேல் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பலருக்குக் கூலி மணிக்கு 1 டாலர் 30 சென்ட். வேலையிலிருந்து நீக்கிய பன்னிரண்டு பேரைத் திரும்பச் சேர்க்காவிட்டால் ஐக்கிய சர்க்காரின் பணம் நின்றுபோகும் என்று சுகாதார இலாகா எச்சரித்தது. ரிவர்ஸும் ஸெனேட்டர் தர்மண்டும் தலையிட்டு அந்த எச்சரிக்கையைத் தளரச் செய்தார்கள். வாஷிங்டன் பணம் சார்ல்ஸ்டனுக்கு வருவதை முப்பது வருஷம் கொண்டாடியவர், அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தபோது சகிக்கவில்லை. வேலை நிறுத்தம் ஜூன் கடைசி வரை நடந்தபின்னரே சமரசமாயிற்று.

யுத்த விஷயத்தில் அவர் கொள்கை எளிமையானது. 1950-ல் கொரியாவில் அணுகுண்டை உபயோகிக்கலாமென்று பேசியவர் அவர். வியட்நாமில் இன்னும் பலமாக அடிக்கவில்லையே என்பதே அவர் குறை. 1969-ல் அமெரிக்கா ராணுவத்துக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 8,000 கோடி டாலர். இளைஞர்கள் தெருக்களில் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ரிவர்ஸோ சர்க்கார் கேட்டதற்குமேல் கப்பல்களுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

மை லாய் விவகாரத்துக்கு வருவோம். இவர் ஜீவியத்தில் நம்மால் மன்னிக்கவே முடியாத பகுதி இது. 1968-ம் வருஷம் மார்ச்சு 16-ந் தேதி வியட்நாமில் மை லாய் என்ற கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஸ்திரீகளும் குழந்தைகளும் கிழவர்களுமாக நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்; வியட்நாமியர் கணக்குப்படி மாண்டவர் 504. ஹியூ தாம்ப்ஸன் என்ற ஹெலிகாப்டர் ஓட்டி, நடப்பதைக் கண்டு தன் யந்திரத்தைச் சிப்பாய்களுக்கும் கிராமத்தாருக்கும் நடுவில் இறக்கி, சுடுவதை நிறுத்தாவிட்டால் உங்களையே சுடச் சொல்வேன் என்று தன் நாட்டுச் சிப்பாய்களையே எதிர்த்து நின்று, சிலரைக் காப்பாற்றினான். ஒரு வருஷத்துக்குமேல் விஷயம் மூடிக்கிடந்தது. 1969 மார்ச்சில் முன்னாள் சிப்பாய் ஒருவன் காங்கிரஸ் மெம்பர்கள் பலருக்குக் கடிதம் எழுதினான். ரிவர்ஸின் காரியாலயமும் அதை ராணுவ இலாகாவுக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லிற்று. அதுவரையில் சரி.

செய்தி உலகமெங்கும் பரவியதும் அவர் மாறிவிட்டார். டிஸம்பரில் தாம்ப்ஸனைத் தமது கமிட்டி முன் அழைத்து, குற்றவாளியை விசாரிப்பது போல் விசாரித்தார். இந்த விவகாரத்தில் தண்டிக்கத் தக்கவன் தன் நாட்டுச் சிப்பாய்களுக்கெதிராகத் துப்பாக்கியைத் திருப்பிய அந்த ஹெலிகாப்டர் ஓட்டி ஒருவனே என்ற தமது அபிப்பிராயத்தையும் மறைக்கவில்லை. 1970-ல் அவரது உப கமிட்டி ஒன்று ரகசியமாகச் சாட்சிகளை விசாரித்தது. விசாரித்தபின் அந்த வாக்குமூலங்களை ராணுவ நீதி ஸ்தலங்களுக்குக் கொடுக்க மறுத்தது. இதன் பலன் வக்கீல்களுக்கு உடனே புரியும். ஒரு சாட்சி முன்னர் அளித்த வாக்குமூலத்தை எதிரி தரப்பார் பார்ப்பதற்குக் கொடுக்காவிட்டால், அந்தச் சாட்சியின் சாட்சியமே வழக்கில் செல்லாமல் போகலாம். அவ்வாறே அந்த வருஷத்தில் நடந்த ஒரு ஸார்ஜெண்டின் வழக்கில் தாம்ப்ஸன் முதலான முக்கிய சாட்சிகளை நீதிபதி தள்ளிவிட்டார், ஸார்ஜெண்டு விடுதலையானார். சைனியத்துக்கு விதி செய்யும் அதிகாரம் காங்கிரஸுடையது என்று பலகை எழுதி வைத்தவரின் கமிட்டி, அந்த விதியை மீறியவர்களை நீதியிலிருந்து காப்பாற்றும் கேடயமாயிற்று. தாம்ப்ஸனுக்குச் சர்க்கார் வீரப் பதக்கம் அளித்தது 1998-ல். அப்போது ரிவர்ஸ் இறந்து 27 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது.

அவருடைய கடைசி வருஷத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். லாக்ஹீட் கம்பெனி கட்டிய ஸி-5ஏ என்ற பிரம்மாண்டமான சரக்கு விமானத்தின் செலவு, மதிப்பிட்டதைவிட ஏறக்குறைய 200 கோடி டாலர் அதிகமாகும் என்பது 1968 நவம்பரில் ஸெனேட்டர் பிராக்ஸ்மைர் நடத்திய விசாரணையில் வெளிவந்தது. அதை வெளிப்படுத்தியவர் விமானப்படையின் கணக்கு நிபுணர் ஒருவர். அவர் வேலை பறிபோயிற்று. பண விஷயத்தில் இவ்வளவு பெரிய தப்பிதத்தை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியது எந்தக் கமிட்டி? ரிவர்ஸ் அந்த விமானத்தின் நண்பராகவே இருந்தார். 1970 ஜூன் மாதத்தில், படையின் உபயோகத்துக்கென்று கொடுத்த முதல் ஸி-5ஏ விமானத்தை வரவேற்கச் சார்ல்ஸ்டன் விமானத் தளத்தில் விழா ஏற்பாடாயிற்று. ரிவர்ஸும் அதில் கலந்துகொண்டார். விமானம் இறங்கும்போது ஒரு சக்கரம் கழன்று ஓடுபாதையில் உருண்டோடியது.

அந்த வருஷக் குளிர்காலத்தில் இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொள்ள அலபாமா ராஜ்யத்துப் பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரிக்குப் போனார். டிஸம்பர் 28-ந் தேதி அங்கேயே மரணமடைந்தார். வயது 65. அவருடைய ஸ்தானத்துக்கு 1971-ல் நடந்த தேர்தலில் ஜயித்தவர் அவருடைய ஞானபுத்திரர் மெண்டல் டேவிஸ். பெயரிலும் மெண்டல், ஆனால் முப்பது வருஷ மூப்பைப் பெயரோடு சேர்த்துக் கொடுக்க முடியாதல்லவா?

முகாம்களை மூடுவதைக் காங்கிரஸின் சம்மதத்துக்கு உட்படுத்தவேண்டும் என்ற ரிவர்ஸின் எண்ணம் அவருக்குப்பின் நிறைவேறிற்று. 1977-ல் செய்த சட்டம் அறிவிப்பு, ஆராய்ச்சி என்று பல தடைகளைப் போட்டது. அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் பெரிய முகாம் ஒன்றைக்கூட மூட முடியவில்லை; ஒவ்வொரு மெம்பரும் தம் ஊர் முகாமைக் காத்தார். கடைசியில் காங்கிரஸ் தன்னைத்தானே நம்பாமல் தன் கையையே கட்டிக்கொண்டது. 1988-லும் 1990-லும் செய்த சட்டங்களின்படி, வெளியார் அடங்கிய கமிஷன் ஒன்று மூடவேண்டிய முகாம்களின் ஜாபிதாவைத் தயாரிக்கும். ஜாபிதா முழுவதையும் ஏற்கலாம், அல்லது முழுவதையும் தள்ளலாம். தன் ஊரை மாத்திரம் உருவியெடுக்க ஒரு மெம்பருக்கும் வழியில்லை.

1993-ம் வருஷ ஜாபிதாவில் சார்ல்ஸ்டன் கப்பற்படைத் தளமும் கப்பல் தொழிற்சாலையும் இருந்தன. 1996-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி இரண்டும் மூடப்பட்டன. இருபதினாயிரம் பேருக்குமேல் பிழைப்பு போயிற்று. டில்மன் கொண்டுவந்தது தொண்ணூற்றைந்து வருஷம் நின்றது. விமானத் தளமும் ஆயுதக் கிடங்கும் தப்பின; 2010-ல் அவ்விரண்டையும் ஒரே தளமாக இணைத்தார்கள். நீதிபதி வாரிங்கின் பெயரை 2015-ல் சார்ல்ஸ்டன் ஐக்கிய நீதி ஸ்தலக் கட்டடத்துக்குச் சூட்டினார்கள். அதுவரை அக்கட்டடம் தாங்கியிருந்தது ஹாலிங்ஸின் பெயரை. தம் பெயரை எடுத்துவிட்டு வாரிங்கின் பெயரை வைக்கும்படி வேண்டிக்கொண்டவர் ஹாலிங்ஸே. ரிவர்ஸின் பெயரை வடக்கு சார்ல்ஸ்டனின் நீண்ட பெருஞ்சாலை ஒன்று தாங்கியிருக்கிறது. 1973-ல் நீரில் இறக்கி 1975-ல் படையில் சேர்த்த ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அவர் பெயரே இட்டிருந்தார்கள். அந்தக் கப்பலை 2001-ல் படையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.